பட்டாளத்துத் தொப்பியும் ஊர் கட்டும் தலைப்பாகையும்

ஜூன் 3, காலை
வள்ளியூர்த் தம்பி ஒருவரின் கேள்வி:

"அக்கா, நீங்கள் பட்டாளத்தார் மகள், அதனால் கேட்கிறேன். ஓய்வு பெறும் அதிகாரியை ஜீப்பில் உட்கார வைத்துக் கயிறு கட்டி இழுத்தார்கள். தொப்பி, சல்யூட், பேண்டு வாத்தியம், கடைசி விருந்து என்று எதை எடுத்தாலும் வெள்ளைக்காரன் விட்டுப்போனதாகத்தான் இருக்கிறது. பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பும் ஒருவருக்கு நம்முடைய முறை என்று ஒன்றாவது உண்டா? இல்லை என்பது என் கட்சி."

ஜூன் 3, இரவு

பாதி சரி, தம்பி. கயிறு கட்டி இழுப்பது கடலில் பிறந்த வழக்கம். பிரிட்டிஷ் கடற்படையில் கப்பலின் தலைமையை விட்டு இறங்கும் கேப்டனைக் கரை சேர்க்கும் படகில், அவருக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரிகளே உட்கார்ந்து துடுப்பு வலிப்பார்கள். அந்த வழக்கம் கரைக்கு ஏறியபோது படகின் இடத்துக்கு ஜீப் வந்தது, துடுப்பின் இடத்துக்குக் கயிறு வந்தது. நம் ராணுவத்திலும் ஒரு கமாண்டிங் ஆபீசர் (சி.ஓ., படைப்பிரிவின் தலைவர்) யூனிட்டை விட்டுப் போகும்போது அதிகாரிகளும், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் நடுவே இருக்கும் ஜே.சி.ஓ.க்களும் கயிற்றைப் பிடித்து இழுத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். 2023இல் ராணுவம் இந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது.

சல்யூட்டும் அங்கிருந்து வந்ததுதான். இரும்புக் கவசம் போட்ட வீரர்கள் முகமூடியைத் தூக்கிக் காட்டியதில் அது பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. எழுத்தில் நிற்கும் சான்று தொப்பியைப் பற்றியது. மேலானவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவது ஐரோப்பிய மரியாதை. படைத்தொப்பிகள் பெருத்துக் கழற்றி மாட்டுவது தொல்லையாகிப் போனது. 1745இல் இங்கிலாந்தின் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைக்கு ஓர் உத்தரவு போட்டார்கள்: அதிகாரியைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்ற வேண்டாம், கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய்த் தலை தாழ்த்தினால் போதும். பாதியில் நின்றுபோன தொப்பி கழற்றலைத்தான் இன்றும் செய்துகொண்டிருக்கிறோம். அதனால்தான் நம் ராணுவத்தில் தலையில் தொப்பி இல்லாதவர் கையை உயர்த்துவதில்லை. விறைத்து நிற்பார், அவ்வளவுதான்.

என் மனத்தை உறுத்துவது இந்த இடம்தான். ஓய்வு பெறும் அன்று தொப்பி போகிறது. தொப்பியோடு சல்யூட்டும் போகிறது. அந்தத் தலைக்கு அப்புறம் என்ன மரியாதை என்பதற்கு ராணுவத்திடம் பதில் கிடையாது. அது நாம் சொல்ல வேண்டிய பதில். மீதிப் பாதியைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 4

திருநெல்வேலி டவுனிலிருந்து எழுதிய அண்ணாச்சி, "கயிறு கட்டி இழுப்பது நம் நெல்லையப்பர் தேர் வடத்தைப் பார்த்து வெள்ளைக்காரன் கற்றுக்கொண்டது" என்கிறார். ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்த கைக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனாலும் வேண்டாம், அண்ணாச்சி. எல்லாம் இங்கிருந்துதான் போனது என்று சொல்லத் தொடங்கினால், உண்மையிலேயே நம்முடையதைச் சொல்லும்போது ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

ஜூன் 4, மாலை

அதையே இன்னும் கொஞ்சம் யோசித்தேன். வடம் பிடித்துப் பழகியதால்தான் அந்த வழக்கம் இங்கே அந்நியமாகப் படவில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மக்களுக்குப் பிடித்த தளபதி ஊருக்குள் வந்தால் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுப்பார்கள். நம் பக்கத்துச் சீமையிலும் அது நடந்திருக்கிறது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிப் பாம்பனில் இறங்கியபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்கள் வண்டியை இழுத்தார்கள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் இழுத்தவர்களில் ஒருவர். மன்னரே இழுக்கிறார் என்றால் அதன் பொருள் என்ன என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 6

தம்பி தொப்பியையும் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். தொப்பி நமக்கு அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. அதற்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். அதே ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. தெற்கே எல்லாம் அடங்கிவிட்டது என்று கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 1805 நவம்பரில் மதராஸ் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் காலத்தில் ஒரு புதிய உடை ஒழுங்கு வந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது. தாடி கூடாது. மீசையை ஒரே அளவாக வெட்ட வேண்டும். காதில் கடுக்கன் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதுத் தலைப்பாகை. பெயர்தான் தலைப்பாகை, பார்வைக்குத் தொப்பி. அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம் வேறு. அந்தத் தோல் எந்த மிருகத்தினுடையது என்ற சந்தேகம் இந்துச் சிப்பாய்க்கும் இருந்தது, முஸ்லிம் சிப்பாய்க்கும் இருந்தது. அன்றைக்குத் தொப்பி என்பது வெள்ளைக்காரரும் அவரைச் சேர்ந்தவரும் போடுவது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் சொந்தபந்தம் வீட்டுக்குள் சேர்க்காது என்று சிப்பாய்கள் பயந்தார்கள்.

1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு போட மாட்டோம் என்றது. இருவருக்குக் கசையடி கொடுத்துப் படையிலிருந்து விரட்டினார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டை எழுந்தது. காலையிலேயே ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற ஆங்கிலேய அதிகாரி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த ஏறக்குறைய நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். கோட்டையில் இருந்த மூன்று மதராஸ் பட்டாளங்களையும் பிற்பாடு கலைத்துவிட்டார்கள். புதுத் தலைப்பாகை உத்தரவும் போயிற்று, கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

திப்பு சுல்தானின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில் சிறையிருந்தது, சம்பளக் குறை, தெற்கத்திப் பாளையங்கள் அழிந்த ஆத்திரம் என்று வேறு காரணங்களையும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எல்லாம் இருக்கட்டும். தீ பற்றியது தலையில் வைக்கும் ஒரு பொருளில். 1857க்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பே நம் சிப்பாய் சொன்னது இதுதான்: என் உழைப்பை வாங்கிக்கொள், என் தலையில் எதை வைப்பது என்பதை நீ மட்டும் முடிவு செய்யாதே.

ஜூன் 7

"தோல்தான் பிரச்சினை, தொப்பி அல்ல" என்பவருக்கு: தோலை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்களா? எனக்குத் தோன்றவில்லை. கடுக்கனும் நெற்றிக் குறியும் சேர்ந்து போகும்போது மனிதனின் முகமே போகிறது.

ஜூன் 9

சொன்ன மீதிப் பாதி. தலையில் சூடுவதைக் கொண்டு போரின் கட்டத்தைச் சொன்னவர்கள் நாம். ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, பகைவர் நாட்டின் மேல் சென்றால் வஞ்சி, மதிலை முற்றினால் உழிஞை, மதிலைக் காத்தால் நொச்சி, களத்தில் எதிர்ப்பட்டால் தும்பை, வென்றால் வாகை. எந்தப் பூவைச் சூடியிருக்கிறான் என்று பார்த்தால் எந்த வேலைக்குப் போகிறான் என்று தெரிந்துவிடும். இன்று ராணுவத்தார் போடும் பெரே என்ற கம்பளித் தொப்பியின் நிறத்தைப் பார்த்துப் பிரிவைச் சொல்வதும் அதே காரியம்தான். கறுப்பு என்றால் டாங்கிப் படை, அரக்குச் சிவப்பு என்றால் பாராசூட் படை, கரும்பச்சை என்றால் காலாட்படை.

ஆனால் இதை எழுதும்போதே தம்பியின் கட்சிக்கு வலு சேர்க்கும் ஒன்று நெஞ்சில் தட்டியது. போரில் விழுந்தவனுக்கு நடுகல் உண்டு. அவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட கல்வெட்டுகள் உண்டு. படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் உண்டு. உயிரோடு வீடு திரும்பிய சாதாரண வீரனுக்கு? வாகைப்பூ வாடும்வரைதான். நம் மரபு செத்தவனைக் கும்பிட்ட அளவுக்கு, வேலை முடித்து வந்தவனை உட்கார வைத்துப் பார்க்கவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஜூன் 11

பெரே தொப்பியை எப்படி "ஆக்குகிறார்கள்" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டிருக்கிறாள். கடையிலிருந்து வரும்போது அது தோசைக்கல் அளவுக்கு விரிந்த கம்பளித் துணி, தலையில் வைத்தால் காளான் போல நிற்கும். அப்பா செய்த முறை இது. முதலில் கை பொறுக்கும் வெந்நீரில் முக்க வேண்டும், பிறகு பச்சைத் தண்ணீரில். பிழிந்துவிட்டு ஈரத்தோடு தலையில் போட்டு, பட்டை நெற்றியில் நேர்கோடாக நிற்கும்படி இறக்கி, சின்னத்தை இடது கண்ணுக்கு மேலே நிறுத்தி, மிச்சத் துணி முழுவதையும் வலது காதுப் பக்கம் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். காயும்வரை கழற்றக் கூடாது. காய்ந்த பிறகு மேலே நிற்கும் பஞ்சுப் பிசிரைச் சவர பிளேடால் மெல்லச் சிரைத்து எடுப்பார்கள். நன்றாக ஆக்கிய தொப்பி அந்த ஒரு தலைக்குத்தான் பொருந்தும்.

அப்பா மதராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். 1758இல் தொடங்கிய பழம்படை அது, பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டனில். தொப்பிச் சின்னத்தில் இருக்கும் யானை 1803 அசாயே போரில் கிடைத்த பெருமை. இன்றும் வீட்டு பீரோவில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைக் கவிழ்த்து அதன் மேல்தான் தொப்பியை வைத்திருக்கிறார், உருக்குலையக் கூடாது என்று. அம்மாவுக்கு அந்தத் தூக்குவாளி வேண்டும். தொப்பி இருக்கும்வரை கிடைக்காது.

ஜூன் 12

கொஞ்சம் தடம் மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரத் துரைகளின் வெயில் தொப்பி எதனால் செய்தது தெரியுமா? நெட்டியால். குளத்து ஓரம் முளைக்கும் அதே நெட்டிச் செடியின் தண்டு. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் கோவில் கோபுரமும் பொம்மையும் செய்கிறார்களே, அதே வெள்ளைத் தண்டு. சாம்ராஜ்யத்தின் தலைக்கு நிழல் கொடுத்தது நம் சேற்றுச் செடி. ஐ.நா. படையின் நீலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது அவசரமாகப் படை போக வேண்டியிருந்தது. நீலத் தொப்பி தைக்க நேரம் இல்லை. கையில் இருந்த அமெரிக்க இரும்புத் தொப்பிகளின் பிளாஸ்டிக் உள்தொப்பிகளுக்கு நீல வண்ணம் அடித்து அனுப்பிவிட்டார்கள். நாம் தொன்மையான மரபு என்று வணங்கும் பலவற்றுக்கும் பின்னால் இப்படி ஓர் அவசர நாள் இருக்கிறது.

ஜூன் 15

ஒரு முன்னாள் ஹவில்தார் எழுதியிருப்பதை எல்லோரும் படிக்க வேண்டும். "ஜீப் இழுத்தது சி.ஓ.வுக்கு அம்மா. எங்களுக்கு அது கிடையாது" என்கிறார். சரியான வார்த்தை. சிப்பாய்க்கு ஒன்றுமே இல்லை என்று ஆகாது. படாகானா உண்டு. அதிகாரியும் சிப்பாயும் ஒரே பந்தியில் உட்காரும் விருந்து அது, அதிகாரிகள் பரிமாறுவதும் உண்டு. யூனிட் கோவிலில் பொட்டு வைத்து மாலை போட்டு நினைவுப் பரிசு கொடுத்து வண்டியேற்றி விடுகிறார்கள். நல்ல யூனிட்டாக இருந்தால் கண்ணீரோடு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு ரயில் வாரண்ட் (படை கொடுக்கும் பயணச் சீட்டு), இரண்டு பகல் ஓர் இரவு பயணம், பெயரும் எண்ணும் வெள்ளை வண்ணத்தில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, விடிகாலையில் திருநெல்வேலி சந்திப்பு. பதினெட்டு வயதில் போனவர் முப்பத்தைந்து, நாற்பது வயதில் வந்து இறங்குகிறார். அப்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இப்போது சில ஊர்களில் பிளெக்ஸ் வைத்து மேளத்தோடு அழைத்து வருகிறார்கள். நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். அப்பா வந்திறங்கியபோது சித்தப்பா மட்டும் சைக்கிளோடு நின்றார். பெட்டியைக் கேரியரில் கட்டி, இருவரும் பஸ் நிலையம்வரை நடந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் கேட்டது எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று. மறுநாள் தெருவில் எதிர்ப்பட்ட ஊர்ப் பெரியவருக்குக் கை தன்னால் நெற்றிக்குப் போய், பாதி வழியில் இறங்கிக் கும்பிட்டதை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன்.

ஜூன் 18

ஓய்வூதியம் எங்கே தொடங்கியது என்ற கேள்விக்குச் சுருக்கமாக. ரோமில் அகஸ்டஸ் கி.பி. 6ஆம் ஆண்டில் படைவீரர்களுக்கென்று தனிக் கருவூலம் அமைத்தார். வாரிசுச் சொத்துக்கு நூற்றுக்கு 5 வரி, ஏல விற்பனைக்கு நூற்றுக்கு 1 வரி. லீஜியன் என்ற முதன்மைப் படையின் வீரன் விலகும்போது 12,000 செஸ்டர்ஸ் பணம். 25 ஆண்டு உழைத்த துணைப்படை வீரனுக்கு ரோமக் குடியுரிமை, அதற்குச் சான்றாக வெண்கலத் தகடு. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் 1682இல் செல்சியில் முதிய வீரர்களுக்கு இல்லம் தொடங்கினார். அங்கே இருப்பவர்கள் இன்றும் சிவப்புக் கோட்டும், விழா நாளில் மூன்று முனைத் தொப்பியும் அணிகிறார்கள். கவனியுங்கள், ஓய்வு பெற்ற பிறகு அவர்களுக்கென்று ஒரு தொப்பி இருக்கிறது!

ஜூன் 21

பெயர்ப்பலகை விவகாரம். "(ஓய்வு)" என்பது பதவியோடு வர வேண்டுமா, பெயருக்குப் பின்னால் வர வேண்டுமா? பெயருக்குப் பின்னால்தான். பதவிக்கு ஓய்வு கிடையாது, மனிதருக்குத்தான் ஓய்வு என்பது ராணுவ நெறி. எங்கள் தெருவில் ஒரு சுபேதார் மேஜர் குடியரசு தின ஆனரரி கேப்டன் பட்டியலில் வந்தவர். கல்தச்சர் "ஆனரரி கேப்டன் (ஓய்வு)" என்று கருங்கல்லில் கொத்திவிட்டார். பெரியவர் பதறிப்போய்க் கல்லையே மாற்றினார். செலவைப் பார்த்துப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. இருபத்தெட்டு ஆண்டு உழைத்து வாங்கியது அது.

ஜூன் 22

விஜயநாராயணத்தில் வேலை பார்த்த கடற்படைக்காரர் ஒருவர் கப்பலுக்கும் ஓய்வு விழா உண்டு என்று நினைவூட்டினார். 1990 முதல் நம் மாவட்டத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளத்தில் இருந்தவர். ஆமாம், கடைசி நாளில் கப்பலின் மேல் நீண்ட ஒல்லியான கொடி பறக்கும். எத்தனை காலம் உழைத்ததோ அதற்கேற்ற நீளம். சூரியன் மறையும்போது கடற்படைக் கொடியைக் கடைசியாக இறக்குவார்கள். விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விராட்டுக்கு அது 2017 மார்ச் 6இல் நடந்தது. கயத்தாற்றில் தூக்கில் தொங்கியவர் பெயர் அதே சீமையில் படைத்தளத்தின் பெயராக நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நிறைவைத் தருகிறது.

ஜூன் 27

இனி என் யோசனை. நம்மிடம் தலையில் துணி கட்டும் மரியாதை இரண்டு இருக்கிறது. ஒன்று, கோவிலில் கட்டும் பரிவட்டம். இன்னொன்று, தகப்பன் இறந்து பதினாறாம் நாள் மகனுக்கு மாமன் முறையினர் கட்டும் தலைப்பாகை. இனி இந்த வீட்டுக்கு நீதான் பொறுப்பு என்று ஊரறியச் சொல்வது அது. படை வேலை முடிந்து திரும்பும் சிப்பாய்க்குக் கோவில் வாசலில் பரிவட்டம் கட்டினால் என்ன? தொப்பி இறங்கிய தலையில் ஊர் தன் கையால் ஒன்றைக் கட்டட்டும்.

ஜூன் 28

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சியின் பதில் என் தூக்கத்தைக் கெடுத்தது. "பரிவட்டம் யாருக்கு முதலில் என்பதில் எத்தனை ஊர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, எத்தனை திருவிழா நின்றிருக்கிறது, உனக்குத் தெரியாதா அம்மா? பட்டாளத்தில் ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தவனை மறுபடி வரிசையில் நிறுத்தப் போகிறாயா?" என்கிறார். தெற்கத்திக்காரர்கள் எவருக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம். சில தெருக்காரருக்கு அந்தப் பரிவட்டம் கிடைக்கவே கிடைக்காது. எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களில் பாதிப்பேர் அந்தத் தெருக்காரர்கள். சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்களும் உண்டு. ஆகவே கோவில் வாசல் வேண்டாம். பரிவட்டமும் வேண்டாம். தலைப்பாகை இருக்கட்டும்.

இடம், ஊராட்சிப் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம். நாள், ஆகஸ்ட் 15. கட்டும் கை, ஊரிலேயே வயதில் மூத்த முன்னாள் படைவீரருடையது, அவர் எந்தத் தெருவாக இருந்தாலும். துணி, கைத்தறி வெள்ளை.

ஜூன் 29

"அக்னிவீரர்களுக்கும் உண்டா?" என்று கேட்டவருக்கு: உண்டு. சந்தேகமே வேண்டாம். 2022இல் வந்த அக்னிபத் என்ற அந்த ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் நான்கில் ஒருவருக்கு மேல் படையில் வைத்துக்கொள்வதில்லை. மற்றவர்கள் இருபத்துச் சொச்சம் வயதில், ஓய்வூதியம் இல்லாமல், ஒரு தொகையோடு ஊர் வருவார்கள். வேலை போய் வந்தவன் என்று திண்ணையில் பேச்சு எழும். அது எழுவதற்கு முன்னால் அவர்கள் தலையில் துணி கட்ட வேண்டும். பதினேழு ஆண்டு உழைத்தவருக்கும் நான்கு ஆண்டு உழைத்தவருக்கும் ஒரே துணி, ஒரே அளவு.

ஜூலை 2

வள்ளியூர்த் தம்பி தன் கட்சியை விடவில்லை. "நீங்கள் சொல்வது புதிதாக உண்டாக்குவது, மரபு ஆகாது" என்கிறார். 1956இல் நீலம் அடித்தவர்களும் புதிதாகத்தான் அடித்தார்கள், தம்பி. படகை ஜீப்பாக்கியவர்களும் அப்படியே. முதல் ஆண்டு செய்பவர்களுக்கு அது வேலை. பிள்ளைகள் பார்த்து வளர்ந்தால் அவர்களுக்கு அது மரபு.

அப்பாவிடம் கேட்டேன். கட்டிக்கொள்ள மாட்டாராம். கட்டுவதற்கு வருவாராம்.

படையில் ஓய்வு என்பது மாதக் கடைசி நாளில்தான். எங்கள் தெற்குத் தெருப் பையன் ஒருவன் ஜூலை 31இல் நாயக் பதவியோடு வெளியே வருகிறான். ஆகஸ்ட் முதல் வாரம் ஊரில் இருப்பான். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், கொடியேற்றம் முடிந்ததும் கால் மணி நேரம் தருகிறார். நான்கு முழத் துண்டா, எட்டு முழ வேட்டியா என்பதில்தான் இன்னும் முடிவில்லை. கட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள், சனிக்கிழமை துணி எடுக்க டவுனுக்குப் போகிறேன்.